வீட்டு வரி என்றால் எந்த வரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மனிதரை நாலு அலுவலகத்துக்கு அலைய வைக்க 'வீட்டு வரி' என்ற ஒரு சொல் போதும். ஈபி ஆபீசில் "வரி ரசீது கொண்டு வாங்க" என்பார்கள். வி.ஏ.ஓ.விடம் போனால் "அது பஞ்சாயத்து வரிங்க, நம்மகிட்ட கிஸ்திதான்" என்பார். வங்கியில் கடனுக்குப் போனால் மேலே தண்ணி வரியையும் சேர்த்துக் கேட்பார்கள். கீழே உள்ளவை அப்படி அலைந்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள். பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறைக்கு உரியவை. பிற நாட்டுப் பெயர்கள் ஓரிடத்தில் மட்டும் வருகின்றன.

வீட்டு வரி, சொத்து வரி: இரண்டும் ஒன்றா, வேறா?

பேச்சில் ஒன்று, சட்டத்தில் வேறு. கிராம ஊராட்சி 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வாங்குவது 'வீட்டு வரி'. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி வாங்குவது 'சொத்து வரி'. நகர்ப்புறத்துக்கான சட்டம் 1998இல் இயற்றப்பட்டு, நீண்ட காலம் கிடப்பில் கிடந்து, 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது.

ஆனால் மதுரையிலோ சேலத்திலோ மாநகராட்சிக்குள் ஐம்பது வருடமாக இருப்பவரும் 'வீட்டு வரி' என்றுதான் சொல்வார். கடைக்குக் கட்டினாலும் அவருக்கு அது வீட்டு வரிதான். இதில் தப்பொன்றும் இல்லை. இணையத்தில் கட்டப் போகும்போது மட்டும் கவனம் வேண்டும். ஊராட்சிகளுக்குத் தனி இணையதளம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தனி, சென்னை மாநகராட்சிக்குத் தனி. ஊராட்சி வீட்டுக்காரர் நகராட்சித் தளத்தில் தேடிவிட்டு "என் வீடே கணக்கில் இல்லையே" என்று பதறுவது இதனால்தான்.

"வரி போடுவது" என்றால் கட்டுவதா?

இல்லை. வரி போடுவது அலுவலகத்தின் வேலை, கட்டுவது நம் வேலை. புது வீடு கட்டி முடிந்ததும் "வரி போட்டாச்சா?" என்று கேட்டால், அந்த வீட்டை அளந்து, தொகை நிர்ணயித்து, வரி விதிப்பு எண் கொடுத்துவிட்டார்களா என்று பொருள். அலுவலக மொழியில் 'புதிய வரி விதிப்பு'. 'வரி பேர் மாத்துறது' என்பது ஏற்கெனவே உள்ள எண்ணில் உரிமையாளர் பெயரை மாற்றுவது. 'வரி பிரிக்கிறது' என்றால் ஒரே எண்ணில் இருந்த வீட்டை அண்ணன் தம்பி பாகம் பிரித்த பிறகு தனித்தனி எண் ஆக்குவது. 'வரி ஏத்திட்டாங்க' என்பதற்கு மட்டும் இரண்டு அர்த்தம் உண்டு: ஊர் முழுக்க விகிதம் உயர்ந்தது, அல்லது மாடி எடுத்ததால் நம் வீட்டுக்கு மட்டும் மறு அளவை செய்தார்கள். எது என்று தெரியாமல் மனு எழுதினால் பதிலும் தவறாகத்தான் வரும்.

வரியைத் தண்டுபவர், அதாவது வசூலிப்பவர், 'பில் கலெக்டர்'. அரசாணையில் 'வரி தண்டலர்' என்று இருக்கும். அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டால் அவரே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

கிஸ்தியும் இதுவும் ஒன்றுதானே? எங்க தாத்தா எல்லாத்தையும் கிஸ்தி என்றே சொல்வார்.

தாத்தா விவசாயியாக இருந்தால் அவர் சொன்னது அவருக்குச் சரி. கிஸ்தி என்பது நிலத் தீர்வை. வயலுக்கும் தோட்டத்துக்கும் மாநில அரசின் வருவாய்த் துறை வாங்குவது, வி.ஏ.ஓ. கணக்கு. அது பசலி ஆண்டில் ஓடும்: ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்துக்கொண்டால் போதும். கணக்கைத் தாசில்தாரும் கோட்டாட்சியரும் உட்கார்ந்து தணிக்கை செய்யும் ஜமாபந்தி அதனால்தான் பசலி முடியும் தறுவாயில், மே, ஜூன் மாதங்களில் நடக்கிறது.

வீட்டு வரி கட்டடத்துக்கானது. வாங்குவது உள்ளாட்சி, அதன் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. தோட்டத்தில் வீடு கட்டியிருந்தால் நிலத்துக்குக் கிஸ்தி வி.ஏ.ஓ.விடம், வீட்டுக்கு வரி ஊராட்சியிடம். இரண்டு ரசீது, இரண்டு ஆபீஸ்.

வரி ரசீது என் பெயரில் இருக்கிறது. வீடு என்னுடையதுதானே?

வந்த கேள்விகளில் அதிகம் பேரை நீதிமன்ற வாசலில் நிறுத்தியது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளாட்சிக்கு வேண்டியது வரி. அதை யாரிடம் கேட்பது என்பதற்காக ஒரு பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. அந்தப் பெயரை ஏற்றும்போது அவர்கள் பத்திரத்தின் நகலைப் பார்ப்பார்கள், ஆனால் உரிமையை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. வரிப் பதிவேட்டிலோ வருவாய்ப் பதிவேட்டிலோ பெயர் இருப்பது உரிமையை உண்டாக்காது, பெயர் இல்லாதது உரிமையைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

வழக்கமான கதை இப்படித்தான் இருக்கும். அப்பா இறந்துவிடுகிறார். மூத்தவர் ஊரிலேயே இருக்கிறார், தம்பி கோயம்புத்தூரில், தங்கை கல்யாணமாகித் திருச்சியில். ஊரில் இருப்பவர் அரையாண்டு தவறாமல் வரி கட்டுகிறார். ஒருநாள் பில் கலெக்டர், "எதுக்கு செத்துப்போனவர் பேர்ல ரசீது போடணும், உங்க பேருக்கு மாத்திக்கலாமே" என்கிறார். மாறுகிறது. இருபது வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வக்கீல் ரசீதுக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, "மூலப் பத்திரம் யார் பேர்ல? வாரிசுகள் எத்தனை பேர்? விடுதலைப் பத்திரம் போட்டிருக்கா?" என்று கேட்கிறார். (விடுதலைப் பத்திரம் என்பது மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது.) அங்கேதான் மூத்தவருக்கு முதல்முறையாக விஷயம் புரிகிறது. இருபது வருடம் வரி கட்டியது அவர்தான், மூன்று பேருக்கும் பங்கு உள்ள வீட்டுக்கு.

அப்படியானால் ரசீதுக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. வீடு யாருடைய அனுபவத்தில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. கிரயப் பத்திரங்களில் "வீட்டு வரி முதலியன செலுத்தி ஆண்டனுபவித்து வருகிற" என்று எழுதுவது வெறும் அலங்காரம் அல்ல. சுவாதீனம் பற்றிய வழக்கில் தொடர்ச்சியான ரசீதுகள் நன்றாகவே பேசும். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று இவற்றோடு நான்காவதாக நிற்கும்போது ரசீதுக்குப் பலம். தனியாக நின்றால் பலம் குறைவு.

புறம்போக்கில் உள்ள வீட்டுக்கும் வரி வாங்குகிறார்களே, அப்படியென்றால் அரசு ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

இல்லை. கட்டடம் நிற்கிறது, தெருவிளக்கும் குப்பை வண்டியும் அங்கும் போகின்றன, அதற்கு வரி. அனுமதி இல்லாமல் கட்டிய மாடிக்கும் இதே கதைதான்: வரி கட்டியதால் விதிமீறல் சரியாகிவிடாது.

இதோடு 'பி மெமோ'வையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வருவாய்த் துறை தருவது, ஆக்கிரமிப்பு என்பதற்கான நோட்டீஸ். அதை லேமினேட் செய்து 'எங்க வீட்டு ஆதாரம்' என்று பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். இத்தனை வருடமாக இங்கே குடியிருக்கிறோம் என்று காட்டிப் பட்டா கேட்கும்போது அது உதவுவதால், அவர்கள் வைத்திருப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

என் வீட்டுக்கு இவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நகரத்தில் அடிப்படை, வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பு. நீங்கள் உண்மையில் வாங்கும் வாடகை அல்ல, அந்தத் தெருவில் அந்த அளவு வீட்டுக்கு இவ்வளவு பெறும் என்று மாநகராட்சி வைத்திருக்கும் மதிப்பு. தெருவுக்குத் தெரு சதுர அடிக்கு ஓர் அடிப்படை வீதம் உண்டு. அதைக் கட்டடப் பரப்போடு பெருக்கி, சொந்தக் குடியிருப்பா வாடகையா கடையா என்று பார்த்து, கட்டடத்தின் வயதுக்குக் கழித்து, வரும் மதிப்பில் ஒரு சதவீதத்தை வரியாகப் போடுவார்கள். அதனால்தான் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு வெவ்வேறு தொகை வருகிறது. ஒருவர் வீடு மெயின் ரோட்டுக் கணக்கில் இருக்கும், மற்றவருடையது சந்துக் கணக்கில்.

ஊராட்சியில் இவ்வளவு நுணுக்கம் இல்லை. பரப்பளவும், கூரையா ஓடா கான்கிரீட்டா என்பதும் பெரும்பாலும் தொகையைத் தீர்மானித்துவிடும்.

தொகை தவறு என்று தோன்றினால் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை சதுர அடி போட்டிருக்கீங்க?" என்பதுதான். பல புகார்கள் அந்த ஒரு எண்ணிலேயே தீர்ந்துவிடும். மொட்டை மாடிப் படிக்கட்டு அறையை முழுத் தளமாக எழுதி வைத்திருப்பதும், இடித்த கார் ஷெட் இன்னும் கணக்கில் நிற்பதும் அபூர்வம் அல்ல.

2022இல் திடீரென்று ஏன் அவ்வளவு ஏறியது?

திடீரென்று ஏறியதற்குக் காரணம், வெகுகாலம் ஏறாமல் இருந்ததுதான். சென்னையில் அதற்கு முன் பொதுச் சீராய்வு நடந்தது 1998இல், மற்ற நகரங்களில் 2008இல். நடுவே 2018இல் உயர்த்தினார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 2019இல் நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் உயர்ந்த தொகையைக் கட்டிவிட்டவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழிக்க வேண்டியதாயிற்று. ஒழுங்காகக் கட்டுபவர் அலைந்தார், கட்டாதவர் நிம்மதியாக இருந்தார்.

2022 ஏப்ரலில் மறுபடி உயர்ந்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 50 சதவீதம், 1200 வரை 75, 1800 வரை 100, அதற்கு மேல் 150. மற்ற மாநகராட்சி, நகராட்சிகளில் இதே படிகள் 25, 50, 75, 100 என்று இருந்தன. அதாவது பழைய சென்னையில் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய சின்ன வீடு 1,500க்கு வந்தது, அதே 1,000 கட்டிய பெரிய வீடாக இருந்தால் 2,500. அரசு சொன்ன காரணங்களில் முக்கியமானது 15ஆவது நிதிக் குழு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதம் அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் உயர்த்தினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று அது நிபந்தனை வைத்தது.

பிறகு ஆண்டுதோறும் கொஞ்சம் என்ற ஏற்பாடு வந்தது. சென்னையில் 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டில் 6 சதவீதம் கூடியது: 2,400 கட்டியவருக்கு 2,544. இருபது வருடம் தூங்கிவிட்டு ஒரேயடியாகப் போடுவதைவிட இது பரவாயில்லை என்பது என் கருத்து. மாதச் சம்பளக்காரர் 144 ரூபாயைச் சமாளித்துவிடுவார், இரண்டரை மடங்கைச் சமாளிக்க முடியாது.

ரசீதில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

எல்லோரும் கடைசி வரித் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். மேலிருந்து வாருங்கள்.

முதலில் வரி விதிப்பு எண். சென்னையில் இது நாலு துண்டாக இருக்கும்: மண்டலம், வார்டு, பில் எண், துணை எண். வேறு யாரோ ஒருவரின் எண்ணுக்குப் பணம் கட்டிவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது துண்டில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டவர்கள். பணம் போய்விட்டால் அதைத் திருப்பி வாங்கும் மனு இருக்கிறதே, அது வரியைவிடக் கனமானது.

அடுத்து அரையாண்டு. '2024-25' என்று மட்டும் பார்த்து முழு வருடமும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் 1 அல்லது 2 இருக்கும். 1 என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, 2 என்றால் அக்டோபர் முதல் மார்ச் வரை.

பிறகு 'நடப்பு', 'நிலுவை'. நீங்கள் கட்டும் பணம் முதலில் நிலுவைக்குத்தான் வரவு வைக்கப்படும். "இந்த வருஷத்துக்குக் கட்டினேன், ஆனா இந்த வருஷம் பாக்கின்னு காட்டுது" என்ற புகாரின் மர்மம் இதுதான். எங்கோ ஒரு பழைய அரையாண்டு விட்டுப்போயிருக்கும்.

நூலக வரி என்று ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வாரிசு இது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போகிறீர்களோ இல்லையோ, கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். போய் இரண்டு புத்தகம் எடுத்து வரலாம்.

எப்போது கட்டினால் லாபம்?

அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள் அல்லது அக்டோபர் 31க்குள் கட்டினால் நகர்ப்புறத்தில் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. நிலுவை வைத்துக்கொண்டு ஊக்கத்தொகை எதிர்பார்க்க வேண்டாம்.

தண்ணி வரி இதில் சேர்ந்ததா?

சென்னையில் சேர்ந்தது அல்ல. குடிநீர், கழிவுநீர் வரியைத் தனியாக வாங்குவது சென்னைக் குடிநீர் வாரியம். அங்கேயும் வரி வேறு, கட்டணம் வேறு. வரி, கட்டடத்தின் ஆண்டு மதிப்பை வைத்து வருவது, கட்டணம் இணைப்புக்கு வருவது. "எங்க வீட்ல போர் தண்ணிதான், மெட்ரோ வாட்டர் கனெக்ஷனே எடுக்கல, எனக்கு எதுக்கு வரி?" என்று சண்டை போடுபவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் தோற்கிறார்கள். மற்ற ஊர்களில் குடிநீர்க் கட்டணத்தையும் பாதாளச் சாக்கடைக் கட்டணத்தையும் நகராட்சியே வாங்கும், ஆனால் அவற்றுக்குத் தனி எண், தனி ரசீது. இதே கவுன்ட்டரில் தொழில் வரியும் கட்டலாம். அது வீட்டுக்கு அல்ல, உங்கள் சம்பாத்தியத்துக்கு.

வெறும் மனைதான் வாங்கிப் போட்டிருக்கிறேன். வரி உண்டா?

நகர்ப்புற எல்லைக்குள் என்றால் உண்டு: காலிமனை வரி. பேச்சில் இதற்கு நல்ல பெயர் எதுவும் ஒட்டவில்லை. பத்து வருடம் மனையைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள், கட்டட அனுமதிக்குப் போகும் நாளில் மொத்த நிலுவையையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். வாங்கும்போதே விற்பவரிடம் காலிமனை வரி ரசீதைக் கேளுங்கள். அவர் முழித்தால் தொகையைப் பேரத்தில் கழியுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு என்ன வேண்டும்?

வாங்கிய வீடு என்றால் பதிவு செய்த கிரயப் பத்திர நகல், நிலுவை இல்லாத கடைசி ரசீது. வாரிசு வழி என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதமோ விடுதலைப் பத்திரமோ. பத்திரம் பதிவானதும் பட்டா மாற்றத்துக்கு மனு போடுபவர்கள்கூட வரிப் பெயரை மறந்துவிடுகிறார்கள். அது தானாக மாறிவிடும் என்று நம்பியிருக்காமல் கையோடு மனு கொடுத்துவிடுவது நல்லது.

வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் "வரியில் பாதி நீங்க கட்டுங்க" என்கிறார்.

உள்ளாட்சி கணக்கு வைத்திருப்பது வீட்டுக்காரர் பெயரில்தான், கட்ட வேண்டியவர் அவர்தான். ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்கள் இருவருக்குள் உள்ள பேச்சு. எழுதவில்லை என்றால் பணிவாக மறுக்கலாம். இன்னொன்றும் அவருக்குச் சொல்லலாம்: வாடகைக்கு விட்ட வீட்டுக்குத் தான் கட்டிய உள்ளாட்சி வரியை, கட்டிய ஆண்டில், வாடகை வருமானத்திலிருந்து கழித்துக் காட்ட வருமான வரிச் சட்டம் அவருக்கு இடம் தருகிறது. பாதியை நீங்கள் கட்டினால் அந்தப் பாதிக்கு அவருக்குக் கழிவு கிடையாது.

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களாம். வரி என்ன ஆகும்?

'வீட்டு வரி' என்ற பெயர் ரசீதில் 'சொத்து வரி' ஆகும், தொகையும் காலப்போக்கில் நகரக் கணக்குக்கு வரும். 2025 தொடக்கத்தில் பல ஊர்களில் கிராம மக்கள் இணைப்பை எதிர்த்து மறியலில் உட்கார்ந்தபோது சொன்ன காரணங்கள் முக்கியமாக இரண்டு: வரி ஏறும், நூறு நாள் வேலை போகும். இரண்டும் உண்மையான பயம்தான். ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிக்கு மட்டும் உரியது, எல்லைக்கோடு மாறிய அன்றே வேலை அட்டைக்கு வேலை இல்லை. சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய் வருவதற்கு வருடங்கள் ஆகும். வரி முன்னே, வசதி பின்னே என்பதைத்தான் அவர்கள் எதிர்க்கிறார்கள். 'கிராமத்து ஜனங்களுக்கு வளர்ச்சி வேண்டாமா' என்று கேட்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

இந்த வரி வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?

வீட்டுக்கு வரி என்பது அதற்கு முந்தியது. விஜயநகர காலக் கல்வெட்டுகளில் 'வாசல்பணம்' வருகிறது. வீட்டு வாசலைக் கணக்கிட்டு வாங்கியது. சோழர் காலத்துத் 'தறி இறை' தறிக்கு, அதாவது தொழிலுக்கு.

நகராட்சி என்ற அமைப்பின் வழியாக வாங்குவது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தொடங்கியது. சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29இல் ஆரம்பமானது, அதற்கான சாசனத்தின் தேதி 1687 டிசம்பர் 30. லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த ஜோசையா சைல்டின் கணக்கு எளிமையானது: நாமாக வரி போட்டால் ஊர்க்காரர்கள் முரண்டு பிடிக்கிறார்கள், அவர்களில் சிலரையே சபையில் உட்கார வைத்து அவர்கள் வாயாலேயே போட வைத்தால் கொடுத்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் அப்போதும் கொடுக்கவில்லை. நூற்று இருபது வருடம் கழித்து 1810இல் கம்பெனி வங்காள மாகாணத்தில் வீட்டு வரி விதித்தபோது, பனாரஸ்வாசிகள் கடைகளை அடைத்து, வீடுகளை விட்டு வெளியேறி, வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வரி பிறகு திரும்பப் பெறப்பட்டது.

இலங்கைச் சொந்தக்காரர் 'சோலை வரி' என்கிறார். அது தோட்டத்துக்கா?

தோட்டத்துக்கு அல்ல, நம் வீட்டு வரியேதான். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எது வாங்கினாலும் மக்கள் வாயில் அது சோலை வரி. அலுவலகத் தாள்களில் ஆதன வரி, மதிப்பீட்டு வரி என்றெல்லாம் இருக்கும். காலாண்டுக் கணக்கு. முழு ஆண்டுத் தொகையையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு தருவது வழக்கம். சிங்களத்தில் இதற்கு 'வரிபனம்' என்று பெயர், நம் 'வரிப்பணம்'தான்.

மலேசியாவில் மலாய்ப் பேச்சில் 'சுக்காய் பிந்து', அதாவது கதவு வரி. நம் வாசல்பணத்துக்குத் தூரத்து உறவு போல இருக்கிறது. அங்கேயும் அரையாண்டுதான், பிப்ரவரி கடைசியும் ஆகஸ்ட் கடைசியும் கெடு. 'சுக்காய் தானா' என்று வேறொன்று உண்டு, அது நில வரி, நம் கிஸ்தி இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சொத்து வரியை ஒழித்துவிட்டதாக எப்போதோ படித்தேனே?

நீங்கள் படித்தது செல்வ வரியாக இருக்கும். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு பெரும் பணக்காரர்களின் நிகரச் சொத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தது, 2015 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. அதையும் 'சொத்து வரி' என்று எழுதியவர்கள் உண்டு. அந்தக் குழப்பத்தில் நகராட்சிக்குக் கட்டாமல் இருந்துவிட வேண்டாம்.

கோவிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் உண்டா?

பொது வழிபாட்டுத் தலங்களுக்கு விலக்கு. மத்திய அரசின் சொத்துகளுக்கு அரசியல் சட்டத்தின் 285ஆவது பிரிவு பாதுகாப்பு தருகிறது, அங்கே வரிக்குப் பதில் சேவைக் கட்டணம் கேட்கலாம். கோவிலுக்குச் சொந்தமான கடைகளை இந்த விலக்கோடு சேர்க்காதீர்கள்.

கட்டாமலே விட்டால் என்ன செய்வார்கள்?

முதலில் கேட்பு அறிவிப்பு வரும், பிறகு நோட்டீஸ். பெரிய பாக்கிதாரர்களின் பட்டியலை வெளியிடுவதும், வணிகக் கட்டடத்துக்குச் சீல் வைப்பதும், வாசலில் ஆட்களை நிறுத்திக் கேட்பதும் நடக்கின்றன. ஜப்தி வரை போகச் சட்டத்தில் இடம் உண்டு. குடியிருப்புகளில் அவ்வளவு தூரம் போவது குறைவு. வட்டிதான் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

பாக்கி முழுக்க வசூலாகும் காலம் ஒன்று இருக்கிறது: உள்ளாட்சித் தேர்தல். நிலுவை வைத்திருப்பவர் போட்டியிட முடியாது என்பதால், பல வருடம் பில் கலெக்டர் கண்ணில் படாதவர்கள் வேட்பு மனு தாக்கலுக்கு முந்தின வாரம் தாங்களாகவே வந்து கவுன்ட்டரில் நிற்பார்கள், வீட்டு வரி, தண்ணி வரி, தொழில் வரி எல்லாவற்றையும் கட்டி நிலுவை இல்லாச் சான்று வாங்க. அந்த வாரம் நீங்கள் கட்டப் போனால் வரிசை நீளமாக இருக்கும். இணையத்திலேயே கட்டிவிடுங்கள்.